கார் தப்பா, ஓட்டினவர் தப்பா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் பார்க்கிங்குக்குப் போனாலும் நாலு கார்க்காரர்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு கிழிந்த பனியன், ஏராளமான அபிப்பிராயங்கள். ‘மைலேஜ் என்ன தருது?’, ‘அலாய் வீல் மாத்திட்டீங்களா?’, ‘பிரேக்ல ஒரு சத்தம் வருது சார். சர்வீஸ்ல கேட்டா எல்லா வண்டியிலயும் அப்படித்தான் வரும்ங்கறான்!’

எங்கள் குடியிருப்பில் புது கார் வாங்கிய நண்பர், முன்பக்கம் மாட்டிய பளபள இரும்புக் கம்பியைத் தட்டிக் காட்டினார். புல் பார். “எவன் வந்து இடிச்சாலும் நமக்கு ஒண்ணும் ஆகாது.” கூடவே ஒரு சின்ன கிளிப். பெல்ட் போடாவிட்டால் கார் கத்துமே, அதன் வாயை அடைக்க.

அவரிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ரால்ஃப் நாடர் என்கிற இளம் அமெரிக்க வக்கீல் 1965-ல் எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’. எந்த வேகத்தில் போனாலும் ஆபத்து என்று அர்த்தம். கொடுப்பதற்கு முன் நானும் மறுபடி ஒரு தடவை படித்துவிட்டேன்.

அதுவரை அமெரிக்காவில் விபத்து என்றால் ஓட்டினவர் தப்பு. குடித்திருப்பார், தூங்கியிருப்பார், வேகமாகப் போயிருப்பார். நாடர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். மனிதன் தப்பு செய்வான் என்று தெரிந்தும் ஏன் இப்படி ஒரு காரைச் செய்தீர்கள்?

முதல் அத்தியாயம் ஷெவர்லே கோர்வேர் பற்றியது. ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு. எஞ்சின் பின்னால் இருக்கும். 1960 முதல் 63 வரை வந்த மாடல்களில் பின்சக்கர அமைப்பு சரியில்லை. வளைவில் திருப்பும்போது பின்பக்கம் வழுக்கி வண்டி கவிழ்கிறது என்பது குற்றச்சாட்டு. நூற்றுக்கு மேல் வழக்குகள்.

இதில் என்னை உலுக்கியது டயர் காற்று விஷயம்தான். கோர்வேர் ஒழுங்காகப் போக முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு காற்று வைக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன் நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு அடித்துவிட்டுப் போவான். அந்த ஒரு நிமிஷ மறதியின் மேல் ஒரு குடும்பத்தின் உயிரை ஏற்றி வைக்கலாமா? ‘சொந்தக்காரர் மெயின்டெனன்ஸ் சரியாகச் செய்யவில்லை’ என்று கம்பெனி கை கழுவலாமா? நாடரின் மொத்தக் கட்சியும் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது.

அடுத்து ‘இரண்டாவது மோதல்’. கார் மரத்தில் மோதுவது முதல் மோதல். உள்ளே இருப்பவர் டாஷ்போர்டில் மோதுவது இரண்டாவது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். மோதிய வேகத்தில் ஸ்டீயரிங் தண்டு ஈட்டி மாதிரி நெஞ்சுக்கு வரும். இதையெல்லாம் மாற்ற வழி தெரிந்தும், வருஷா வருஷம் குரோமியம் பட்டைக்கும் வால் அழகுக்கும் செலவழித்தார்கள் என்கிறார் நாடர்.

கம்பெனி என்ன செய்தது? துப்பறியும் ஆட்களை அவர் பின்னால் அனுப்பியது. குட்டு வெளிப்பட்டு, 1966 மார்ச்சில் அதன் தலைவர் செனட் கமிட்டி முன்னால் மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம் செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாடர் போட்ட வழக்கு 1970-ல் 4,25,000 டாலருக்கு சமாதானமானது. ஒரு புத்தகம் இதற்கு மேல் என்ன சாதிக்க முடியும்?

குறையும் சொல்ல வேண்டும். நடை வக்கீல் நோட்டீஸ் மாதிரி. ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்கிறார். கோர்வேர் விவகாரத்தில் அவருக்கு ஒரு சறுக்கலும் உண்டு. 1972-ல் வெளிவந்த அரசு அறிக்கை, சோதனையில் அந்தக் கார் அன்றைய மற்ற கார்களைவிட மோசமில்லை என்றது. நாடர் அதை ஏற்கவில்லை. என்னைக் கேட்டால், அந்த அறிக்கை கோர்வேரைக் காப்பாற்றுகிறதோ இல்லையோ, அன்றைய மற்ற கார்களையும் சேர்த்தே சந்தேகப்பட வைக்கிறது!

இதைவிடப் பெரிய குறை, அவர் கணக்கில் கம்பெனி வில்லன், சொந்தக்காரர் அப்பாவி. எங்கள் பார்க்கிங்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தால் இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

நம் ஊர்க் கம்பெனிகளும் யோக்கியம் இல்லை. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களை, ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களை, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் முட்டை. அதன் பிறகுதான் இங்கே கொஞ்சம் கொஞ்சமாக விழிப்பு வந்தது. டிரைவருக்கு ஏர்பேக் 2019-ல் கட்டாயம். பாரத் என்கேப் நட்சத்திரங்கள் 2023-ல்.

இப்படிப் போராடி வாங்கியதை நாம் என்ன செய்கிறோம்? காரின் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி கட்டியிருக்கிறார்கள். புல் பார் அந்த அடியை நேராகச் சட்டத்துக்குக் கடத்துகிறது. ஏர்பேக் சென்சாரின் கணக்கையும் குழப்பலாம். குறுக்கே வரும் பாதசாரியின் கதி வேறு. 2017-ல் மத்திய அரசு அதற்கு எதிராக உத்தரவு போட்டது. அந்தக் கிளிப்பை இணையக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லி 2023-ல் உத்தரவு. பெல்ட் இல்லாமல் ஏர்பேக்கில் போய் விழுந்தால் ஏர்பேக்கே அடித்துவிடும். சாதாரண சீட் கவர்கூட, சீட்டுக்குள் இருக்கும் ஏர்பேக்கை அடைத்துவிடலாம்.

காரைப் பாதுகாப்பாகச் செய்யவேண்டியது கம்பெனியின் கடமை. அதைக் காசு கொடுத்துக் கெடுக்காமல் இருப்பது நம் கடமை. அடுத்த கார் வாங்கும்போது ஷோரூமில் முதல் கேள்வியாக ‘எத்தனை ஸ்டார்?’ என்று கேளுங்கள். மைலேஜை அப்புறம் கேட்கலாம்.

நண்பர் பத்து நாளில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “நல்லாத்தான் எழுதியிருக்கார் சார். ஆனா மைலேஜ் பத்தி ஒரு வரி இல்லையே?”

கிளிப்பை மட்டும் கழற்றியிருந்தார். புல் பார் அடுத்த வாரமாம்.