சுகப்பிரசவப் பட்டியல்களும் விடுபட்ட கணக்கும்

இயற்கைப் பிரசவத்துக்கு உதவும் மருத்துவர், மருத்துவச்சி, டூலா எனப்படும் பிரசவத் துணையாளர், பிரசவ வகுப்பு நடத்துவோர், தாய்ப்பால் ஆலோசகர் ஆகியோரை ஊர்வாரியாகத் தொகுத்து இணையத்தில் டைரக்டரி நடத்துகிறவர்களிடம், சேர்த்திருக்கும் பெயர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: நாங்கள் யாரையும் பரிந்துரைக்கவில்லை, விவரத்தை மட்டும் தருகிறோம், முடிவு தாயுடையது. அமெரிக்காவில் நெடுநாளாக நடக்கும் இந்த வழக்கம் இப்போது பெங்களூரு, சென்னை, கோவை வரை வந்திருக்கிறது. சுகப்பிரசவத்துக்கு ஒத்துழைக்கும் டாக்டர்கள் என்ற பட்டியல் கர்ப்பிணிகளிடையே கைமாறுகிறது. பட்டியலோடு அந்தப் பதிலும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பதில் தவறானது. பட்டியல்களின் நல்ல நோக்கத்தையே அது உள்ளிருந்து அரிக்கிறது என்பது என் வாதம்.

பட்டியல் ஏன் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் மாநில அளவு 34.1. அந்த இடைவெளியில் பெண்களின் உடல் மாறிவிடவில்லை. மாறியது பெரும்பாலும் மருத்துவமனைகளின் நடைமுறை. ஒரு மக்கள்தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் செய்யப்படும் சிசேரியன்களுக்கும் தாய், சேய் இறப்பு குறைவதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. பிரசவ வலி நேரம் முழுவதும் ஒருவர் கூடவே துணையிருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்பதற்கு 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்த 2017 காக்ரேன் அறிக்கை சான்று. டூலா என்று ஒருவர் உண்டு என்பதையே இத்தகைய பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பெண்கள் உண்டு. நடத்துகிறவர்களில் பலர் சொந்த நேரத்தைச் செலவிட்டு உழைக்கிறார்கள். இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் மேலே போகிறேன்.

ஒரு பட்டியலில் ஒரு பெயருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். படம், ஊர், தொலைபேசி எண், கட்டணம் சில வேளை. அதன்பின் அவருடைய நம்பிக்கை. பெண்ணின் உடலை நம்புகிறவர், தேவையற்ற தலையீட்டை எதிர்ப்பவர், தாயின் விருப்பத்தை மதிப்பவர். அடுத்த பெயருக்கும் அதே அச்சு, அதே அளவு இடம். ஆனால் அந்த இரண்டு பெயர்களும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. இங்கிலாந்தில் மருத்துவச்சி என்ற பட்டம் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. செவிலியர், மருத்துவச்சியர் மன்றத்தில் பதிவில்லாதவர் அப்படிச் சொல்லிக்கொண்டால் குற்றம். டூலா என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவில் செவிலியர் படிப்பும் அதற்கு மேல் முதுகலைப் பயிற்சியும் பெற்ற மருத்துவச்சி ஒரு வகை; செவிலியர் படிப்பே இல்லாமல் வேறு சான்றிதழோடு வீட்டுப் பிரசவம் பார்ப்பவர் இன்னொரு வகை; சில நாள் பயிலரங்கு முடித்த டூலா மூன்றாவது வகை. இந்தியாவில் 2018 இறுதியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் செவிலியர்களுக்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சியை வகுத்தன. டூலாவுக்குப் பதிவு மன்றம் எதுவும் இங்கே கிடையாது. தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது, யார் உரிமத்தை இழப்பார், யார் மறுநாளும் அதே வேலையைத் தொடர்வார் என்பதைத் தீர்மானிக்கும் வேறுபாடு இது. ஒரே அச்சில் வார்த்த பட்டியல் இதை மறைக்கிறது. மறைக்க வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க வேண்டியதில்லை. கொள்கையை வைத்து ஆட்களை வரிசைப்படுத்தினால் பொறுப்பு தானாகவே கண்ணை விட்டு விலகிவிடும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் இதற்கு நல்ல சாட்சி. செவிலியர் அல்லாத மருத்துவச்சிகள் அங்கே நெடுங்காலம் உரிமம் இல்லாமலே தொழில் செய்ய முடிந்தது. உரிமம் 2015இல்தான் கட்டாயமாயிற்று. அதே மாநிலம் 2012 முதல் பிறப்புச் சான்றிதழிலேயே, பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்ளத் தாய் முதலில் திட்டமிட்டிருந்தார் என்பதைப் பதியத் தொடங்கியது. இது சின்ன மாற்றமாகத் தோன்றலாம். அதற்கு முன்பு, வீட்டில் தொடங்கிக் கடைசி நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிரசவம் கெட்டால் அது மருத்துவமனையின் கணக்கில் விழுந்தது. மாற்றத்துக்குப் பிறகு 2012, 2013 பிரசவங்களை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. மருத்துவமனைக்கு வெளியே பெற்றெடுக்கத் திட்டமிட்டவர்களில் சிசேரியன் 5.3 சதவீதம், மருத்துவமனையில் பெற்றெடுக்கத் திட்டமிட்டவர்களில் 24.7. இயற்கைப் பிரசவ இயக்கம் பெருமைப்பட வேண்டிய எண்தான் அது. அதே ஆய்வில், பிரசவத்தை ஒட்டிய சிசு இறப்பு முன்னவர்களிடம் ஆயிரத்துக்கு 3.9, பின்னவர்களிடம் 1.8. இரண்டு எண்களும் சிறியவை. ஆனால் ஒன்று மற்றொன்றைப் போல் இரு மடங்குக்கு மேல். ஒரு தாய்க்கு இரண்டும் சேர்ந்தே தெரிய வேண்டும். பட்டியலில் முதல் எண்ணின் சாயல் ஒவ்வொரு பெயரிலும் உண்டு. இரண்டாவது எண்ணுக்கு அங்கே கட்டமே இல்லை.

நம் ஊருக்கு வந்தால் இந்தக் குறை இன்னும் கூர்மையாகிறது. இங்கே பட்டியலைத் தேடுகிறவர்களில் முக்கியமான ஒரு கூட்டம், முதல் குழந்தை சிசேரியனில் பிறந்து இரண்டாவதையாவது சுகப்பிரசவமாகப் பெற விரும்பும் பெண்கள். அவர்களின் ஆசை நியாயமானது, மருத்துவமும் அதை ஆதரிக்கிறது. ஆனால் வலி எடுக்கும்போது பழைய தழும்பின் இடத்தில் கருப்பை கிழிவதற்கு ஏறத்தாழ 200இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கிழிந்தால் நிமிடக் கணக்கில் வயிற்றைத் திறக்க வேண்டும். அப்போது அறுவை அரங்கும் மயக்க மருந்து மருத்துவரும் ரத்தமும் பச்சிளங்குழந்தை மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்களா என்பதே உயிர்க் கேள்வி. தமிழ்நாட்டின் சிறிய நர்சிங் ஹோம்கள் பலவற்றில் மயக்க மருந்து மருத்துவர் அங்கே இருப்பதில்லை. தொலைபேசியில் அழைத்தால் வருவார், அதுவும் வேறொரு மருத்துவமனையில் வேலை முடிந்திருந்தால். ரத்த வங்கி ஊரின் மறுபக்கம் இருக்கும். பட்டியலோ இத்தகைய டாக்டரின் பெயருக்கு எதிரே, சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவத்தை ஆதரிப்பவர் என்று எழுதி முடித்துக்கொள்கிறது. டாக்டரின் மனம் எந்தப் பக்கம் என்று தாய்க்குத் தெரிந்துவிடுகிறது. இரவில் அந்தக் கட்டடத்தில் யார் இருப்பார் என்பது தெரிவதில்லை. ஆபத்தில் அவளைக் காப்பாற்றுவது இரண்டாவது விவரம். முதலாவதைத் திரட்டுவது சுலபம், டாக்டரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். இரண்டாவதை நேரில் போய் விசாரிக்க வேண்டும். திரட்டச் சுலபமானதைத் திரட்டிவிட்டு அதையே வழிகாட்டுதல் என்று அழைப்பதுதான் நான் மறுக்கும் பழக்கம்.

விவரம் மட்டும் தருகிறோம் என்ற பதில் இந்த இடத்தில்தான் நிற்காமல் போகிறது. தொலைபேசிப் புத்தகம் எல்லோரையும் சேர்க்கும்; அதற்குக் கொள்கை இல்லை. இயற்கைப் பிரசவப் பட்டியல் சிலரைச் சேர்க்கிறது, சிலரை விடுகிறது. சேர்ப்பதற்கு ஓர் அளவுகோல் வைத்த கணமே அது பரிந்துரை ஆகிவிட்டது. பட்டியலில் பெயரைக் கண்ட கர்ப்பிணி, இவரை யாரோ விசாரித்துத்தான் போட்டிருப்பார்கள் என்றே எடுத்துக்கொள்வாள். அப்படி எடுத்துக்கொள்வாள் என்பதாலேயே பட்டியலில் இடம்பெற ஆட்கள் விரும்புகிறார்கள். இந்தியாவில் இன்னொரு பக்கமும் உண்டு. 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகள், மருத்துவர் நேராகவோ மறைமுகமாகவோ நோயாளிகளைத் திரட்டுவதைத் தடுக்கின்றன. தன் கையால் எழுதிப் பலகை வைக்க முடியாத புகழ்ச்சியை ஒரு பட்டியல் அவருக்காக எழுதித் தருகிறது, நடுநிலைத் தகவல் என்ற பெயரில். இதில் பணம் கைமாற வேண்டிய தேவைகூட இல்லை, விளைவு ஒன்றுதான்.

மருத்துவமனைகள் மட்டும் கணக்குக் காட்டுகின்றனவா என்று திருப்பிக் கேட்பார்கள். பெரும்பாலும் காட்டுவதில்லை, அது பெருங்குறை. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் சுகப்பிரசவ, சிசேரியன் விகிதத்தை வரவேற்பிடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று 2017இல் உத்தரவு வந்தது. அதைத் தாண்டி எல்லாத் தனியார் மருத்துவமனைகளும் கட்டாயம் வெளியிட வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் மருத்துவமனையின் மௌனத்தைக் கண்டித்துப் பிறந்த ஓர் இயக்கம் அதே மௌனத்தைத் தனக்குச் சலுகையாகக் கேட்க முடியாது. மேலும் இரண்டு மௌனங்களும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் பேறுகாலத்தில் ஒரு தாய் இறந்தால் மாவட்ட ஆட்சியர் வரை அந்த இறப்பு ஆராயப்படுகிறது. எந்த மருத்துவமனையில், எத்தனை மணிக்கு, எதற்காகத் தாமதம் என்ற கேள்விகள் எழுகின்றன. அந்தத் தாய்க்கு ஒரு பட்டியல் யாரைக் காட்டியது என்று கேட்க எவரும் இல்லை. பட்டியல் நடத்துகிறவருக்கு அந்த இறப்பு நடந்த செய்திகூட எட்டாமல் போகலாம். எட்டினாலும் பெயரை நீக்க அவரிடம் விதி ஏதும் இல்லை, ஏனென்றால் சேர்க்கும்போதே நம்பிக்கையைத் தவிர வேறெதையும் அவர் கேட்கவில்லை.

இயற்கை என்ற கொள்கையே தரத்துக்கு உத்தரவாதம் என்று நம்பினால் எங்கே போய் நிற்கும் என்பதை இங்கிலாந்து விலை கொடுத்துக் கற்றது. மோர்கம் பே மருத்துவமனை பற்றிய 2015 விசாரணை, 11 சிசுக்களும் ஒரு தாயும் தவிர்த்திருக்கக்கூடிய விதத்தில் இறந்ததைக் கண்டது. எப்பாடுபட்டாவது இயல்பான பிரசவமே நடக்க வேண்டும் என்ற சில மருத்துவச்சிகளின் பிடிவாதத்தையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. அவர்கள் பதிவு பெற்றவர்கள், அரசு மருத்துவமனையில் இருந்தவர்கள். ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்டு மருத்துவமனைகள் பற்றிய அறிக்கை 2022இல் வந்தது. நல்ல கவனிப்பு கிடைத்திருந்தால் 201 சிசுக்கள் பிழைத்திருக்கக்கூடும் என்றது. அதே ஆண்டு, மொத்த சிசேரியன் சதவீதத்தை வைத்து மருத்துவமனைகளை எடைபோடுவதை நிறுத்தச் சொன்னது இங்கிலாந்தின் தேசியச் சுகாதார சேவை. குறைந்த சிசேரியன் என்ற ஒற்றை எண் ஒரு மருத்துவரின் பொறுமையையும் காட்டலாம், அவர் கத்தியை எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காததையும் காட்டலாம். எது என்று அந்த எண் சொல்லாது. நம் பட்டியல்களோ இன்றும் அந்த ஒற்றை எண்ணின் நிழலில்தான் பெயர்களைச் சேர்க்கின்றன.

பெற்ற தாய்மார்களின் அனுபவக் குறிப்புகள் போதாதா என்பது அடுத்த வாதம். நல்லபடியாகப் பெற்றவள் எழுதுவாள். குழந்தையை இழந்தவள் அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்து நட்சத்திரம் போட மாட்டாள். அனுபவக் குறிப்புகள் மரியாதையைப் பற்றிச் சொல்லும், பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஆண்டுக்கு இருபது, முப்பது பிரசவம் பார்ப்பவரின் சதவீதத்துக்கு அர்த்தமில்லை, சிக்கலான கர்ப்பங்களை ஏற்கும் டாக்டருக்குச் சிசேரியன் கூடத்தான் இருக்கும். உண்மைதான். பின்னதற்கு 2001இலேயே மகப்பேறு மருத்துவர் ராப்சன் பிரசவங்களைப் பத்து வகையாகப் பிரிக்கும் முறையைத் தந்துவிட்டார். முதல் பிரசவமா, குழந்தையின் தலை கீழ்நோக்கி இருக்கிறதா, முன்பு சிசேரியனா என்று பிரித்துப் பார்த்தால் ஒப்பீடு நியாயமாகும். முன்னதற்கு சதவீதமே வேண்டாம். பதிவு எண் என்ன, எந்தெந்தக் கர்ப்பங்களை ஏற்க மாட்டார், சிக்கல் வந்தால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார், அந்த மருத்துவமனை அதை ஒப்புக்கொண்டிருக்கிறதா, கடந்த ஆண்டு எத்தனை பேரை அனுப்பினார் என்று கேட்டுப் போட்டால் போதும். இங்கிலாந்தில் வீட்டில் பெற்றெடுக்கத் திட்டமிட்ட முதல் பிரசவப் பெண்களில் 45 சதவீதம் பேர் பிரசவத்தின்போதோ உடனடியாகப் பின்போ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டதாக 2011இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. நன்கு அமைந்த ஏற்பாட்டிலேயே ஏறக்குறைய பாதிப்பேர் மாற்றப்படுகிறார்கள் என்றால், மாற்றும் வழியைப் பற்றி ஒரு வரியும் இல்லாத பட்டியல் எதற்கு வழிகாட்டுகிறது?

தன்னார்வலர்களால் இதெல்லாம் முடியாது என்பது ஏற்க முடியாத சாக்கு. அமெரிக்காவின் இயற்கைப் பிரசவ இயக்கத்திலிருந்தே 2008இல் தாய்மார்களின் கருத்தையும் மருத்துவமனைகளின் அதிகாரபூர்வ விகிதங்களையும் ஒன்றாக வைக்கும் முயற்சி எழுந்தது. நியூயார்க் மாநிலத்தில் 1989 முதல் மருத்துவமனைகள் தங்கள் பிரசவக் கணக்கைக் கர்ப்பிணிகளுக்குத் தந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் ஒரு பெயரைச் சரிபார்க்கச் சில நிமிடம் ஆகும். ஒரு நர்சிங் ஹோமுக்குத் தொலைபேசியில் பேசி, இரவில் மயக்க மருந்து மருத்துவர் வர எவ்வளவு நேரம் என்று கேட்க ஓர் அழைப்பு போதும். பதில் சொல்ல மறுத்தால் மறுத்ததையே பெயருக்கு எதிரே எழுதலாம். ஐம்பது பெயரை இப்படி விசாரிக்க முடியாதென்றால் ஐந்து பெயரோடு நிற்கட்டும். அதையும் செய்ய மாட்டோம் என்கிற பட்டியல்கள், ஒவ்வொரு பெயருக்கும் மேலே விளம்பரம் என்ற சொல்லை அச்சிட்டே வெளிவர வேண்டும்.