எலிக்குள் போன விஷமும் மலையில் ஏறிய விஷமும்

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்குக் குளவிக்கொட்டு ஒரு தொழில் ஆபத்து. தோட்டத்தார் குளவி என்பதில் மலைத்தேனீயும் அடக்கம். தேனீ விஷத்தின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி, மெலிட்டின் என்ற பெப்டைட். 26 அமினோ அமிலங்கள் கொண்டது. குளவி விஷத்தில் இருக்கும் மாஸ்டோபரானில் 14. இவை உடலில் எந்த உறுப்பைப் போய்ச் சேர்கின்றன என்று அறிய ஆய்வுகூடங்கள் நம்பியிருப்பது வெள்ளெலியைத்தான்.

வழக்கமான முறை இது: பெப்டைடில் கதிரியக்க அயடின்-125ஐ ஒட்டி, வால் நாளத்தில் ஏற்றி, குறித்த நேரங்களில் எலியை அறுத்து ஒவ்வோர் உறுப்பின் கதிரியக்கத்தையும் அளப்பார்கள். மனிதரிடம் செய்யவே முடியாத அளவீடு. மிகச் சிறிய அளவையும் காட்டிவிடும். இரத்தத்திலிருந்து விஷம் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதும் தெரியும். அதன் பயனை மறுப்பதற்கில்லை.

குறை, ஒட்டும் இடத்திலேயே தொடங்குகிறது. அயடின் பற்றிக்கொள்வது பெரும்பாலும் டைரோசினில். மெலிட்டினில் டைரோசினே கிடையாது. ஆகவே ஒன்றைச் சேர்க்க வேண்டும், அல்லது லைசினில் வேறொரு மூலக்கூறைத் தொங்கவிட வேண்டும். இரண்டாவது வழியில் லைசினின் நேர்மின்னூட்டம் போய்விடும். செல்சவ்வைத் துளைக்க மெலிட்டினுக்கு உதவுவதே அந்த மின்னூட்டம். அப்புறம் எலிக்குள் போனது மெலிட்டின்தானா?

அடுத்தது, பெப்டைட் சிதைந்த பிறகும் கதிரியக்கம் இருக்கும். கழன்ற அயடின் தைரொயிட்டிலும் இரைப்பையிலும் சேரும். சிறுநீரகத்தில் எண் உயர்ந்தால் விஷம் அதைத் தாக்குகிறது என்று எழுதிவிடுவது அவசரம்; சிறுநீரகம் துண்டுகளை வடித்து வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். நூற்றுக்கணக்கான கொட்டு வாங்கியவருக்குச் சிறுநீரகம் செயலிழப்பதற்கு, சிதைந்த தசையும் உடைந்த சிவப்பணுக்களும் அங்கே வந்து அடைப்பது முக்கிய காரணம். தனி பெப்டைடின் வரைபடத்தில் இது தெரியாது.

இன்னொன்றும் உண்டு. மலையில் விஷம் நாளத்தில் ஏறுவதில்லை; தோலடியில், பல இடங்களில், பொஸ்போலிப்பேஸ் என்ற நொதியோடு கலந்து இறங்குகிறது. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டுகூட உயிராபத்து. அதை எந்த உறுப்புப் பங்கீடும் சொல்லாது.

என் கணிப்பில், தோலடியில் முழு விஷத்தைச் செலுத்தி, சிதையாத பெப்டைடை நிறை நிறமாலைமானியால் தனியே அளக்காத எலி ஆய்வு, வெளியேற்றத்தைப் பற்றிய ஆய்வு மட்டுமே. சிகிச்சை முடிவுக்கு அதை ஆதாரமாக்கக் கூடாது.