மூன்றாவது நூறு

திரையில் நூறு பங்கு விற்பனைக்கு நிற்கிறது. விலை 38 டாலர் 25 சென்ட். யாரோ ஐந்நூறு வாங்குகிறார். காட்டியது நூறுதான், ஆனால் ஐந்நூறும் அதே விலையில் கிடைத்துவிடுகிறது. விலை அசையவில்லை. மறுபடி நூறு நிற்கிறது. ஆயிரத்து இருநூறு போகிறது. மறுபடியும் நூறு, அதே 25 சென்ட், ஒன்றுமே நடக்காததுபோல.

இந்த எண்கள் நான் எழுதிக்காட்டும் உதாரணம். காட்சி மட்டும் உண்மை. 2001-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க் பங்குச்சந்தையின் பங்குகளை அன்றன்றே வாங்கி விற்ற டே டிரேடர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அந்த மூன்றாவது நூறு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எண்ணுக்குப் பின்னால் ஒரு கை தெரிந்துவிட்டது.

கைக்கு உரியவர் ஸ்பெஷலிஸ்ட். அன்று நியூயார்க் சந்தையில் ஒவ்வொரு பங்கும் ஒரேயொரு ஸ்பெஷலிஸ்ட் நிறுவனத்தின் பொறுப்பாக இருந்தது. அந்தப் பங்குக்கு வரும் ஆர்டர்கள் தளத்தில் அவர் நிற்கும் இடத்தில்தான் கூடும். விலை குறித்து அனுப்பிய லிமிட் ஆர்டர்கள் அடங்கிய புத்தகம் அவர் கையில். ஒரு காலத்தில் அது நிஜமாகவே பென்சிலால் எழுதிய நோட்டு, பிறகு மின்திரை. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பார். ஆள் இல்லாத இடத்தில் தன் சொந்தப் பணத்தைப் போட்டு இடைவெளியை நிரப்புவார். விலை தாறுமாறாகத் துள்ளாமல் பார்த்துக்கொள்வது அவர் கடமை. வாடிக்கையாளர் ஆர்டர் காத்திருக்கும்போது அதே விலையில் அதை முந்தித் தனக்காக வணிகம் செய்யக்கூடாது என்பது அவருக்கு இட்ட கட்டு.

யாப்புக்குள் எழுதும் புலவன் ஒரு சொல்லை ஏன் அங்கே வைத்தான் என்று கேட்க முடிகிறது. தளை அவனைக் கட்டியிருக்கிறது, கட்டுக்குள் அவன் செய்த தேர்வு அதனால் பளிச்சென்று தெரிகிறது. ஸ்பெஷலிஸ்ட்டைப் படிக்க முடிந்ததும் இப்படித்தான்.

மூன்றாவது நூற்றுக்கே திரும்புவோம். பொதுமக்கள் அனுப்பும் சாதாரண லிமிட் ஆர்டர்களை ஸ்பெஷலிஸ்ட் திரையில் காட்டியாக வேண்டும் என்ற விதி 1997-இல் நடைமுறைக்கு வந்தது. அப்படியானால் தீரத் தீர ஊறிவரும் இந்தச் சரக்கு புத்தகத்துச் சரக்காக இருக்க வாய்ப்பு குறைவு. ஒன்று, ஸ்பெஷலிஸ்ட் தாமே விற்கிறார். அல்லது அவர் எதிரே, ‘கூட்டம்’ என்று டிரேடர்கள் சொல்லும் இடத்தில், பெரிய நிறுவனத்தின் தரகர் ஒருவர் நின்றுகொண்டு சிறுகச் சிறுகத் தள்ளிவிடுகிறார். விதி ஒரு கதவை அடைக்கிறது, டிரேடர் மிச்சமிருக்கும் இரண்டு கதவுகளைப் பார்க்கிறார். எந்தக் கதவானாலும் அங்கே பெரிய விற்பனையாளர் இருக்கிறார். இப்போது வாங்கக்கூடாது.

எப்போது வாங்குவது? அதற்கும் ஒரு குறி உண்டு. ஐந்நூறும் ஆயிரமுமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று அறுபதாயிரம் பங்கு ஒரே வீச்சில், அதே 25 சென்டில் பதிவாகிறது. மிச்சம் மீதி அத்தனையும் துடைத்து எடுக்கப்பட்டுவிட்டது. வாய்க்காலை அடைத்திருந்த மடை நீங்கிவிட்டது. அடுத்த நொடி விற்கும் விலை 29 சென்ட் என்று மாறினால், துடைக்கப்பட்டது விற்பனையாளரின் சரக்குதான் என்று உறுதியாகிறது. தேர்ந்த டிரேடர் அந்த உறுதிக்குக் காத்திருப்பதில்லை. அறுபதாயிரம் கண்ணில் பட்ட கணமே விரல் வாங்கும் விசையில் இருக்கும்.

இரண்டாவது நயம் இதைவிட நுட்பமானது. விற்கும் விலை 25 சென்ட் என்று நிற்கும்போது டிரேடர் கிடைக்கும் விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டு வாங்குகிறார். 22 சென்டுக்கே கிடைத்துவிடுகிறது. பங்குக்கு மூன்று சென்ட் லாபம். புதியவர் மகிழ்ந்துபோவார். பழகியவர் முகம் சுருங்கும். கேட்ட விலையைவிடக் குறைத்துக் கொடுத்தவர் யார்? ஸ்பெஷலிஸ்ட்டாக இருந்தால், புத்தகம் முழுவதையும் பார்க்கிறவர் என்னிடம் ஏன் இவ்வளவு இணக்கமாகத் தள்ளிவிட்டார்? மளிகைக் கடையில் கேட்காமலே விலையைக் குறைத்தால் பொட்டலத்தை முகர்ந்து பார்க்கத் தோன்றும் அல்லவா, அந்தக் கூர்மை இது. மலிவாகக் கிடைத்ததையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு உடனே விற்று வெளியேறுவதற்கு, விலையைப் படிக்கத் தெரிந்தால் போதாது. கொடுத்தவரின் மனத்தைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, காலை 9.30 மணி. மணி அடித்ததும் பங்குகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஒன்று மட்டும் திறக்கவில்லை. வாங்க வந்த கூட்டம் பெரிது, விற்க வந்தது சிறிது. அந்தப் பள்ளத்தை ஸ்பெஷலிஸ்ட் தம் கையிருப்பால் நிரப்ப வேண்டியிருக்கலாம். 41-க்கும் 43-க்கும் இடையில் திறக்கலாம் என்று ஒரு குறிப்பு வரும். சற்று நேரத்தில் அது 42-க்கும் 42.75-க்கும் இடையில் என்று சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் அவர் கணக்குப் போடுவது தெரியும். பள்ளத்தை நிரப்ப விற்கும் சரக்கைப் பிறகு நட்டமில்லாமல் திரும்ப வாங்க வேண்டுமே, அதற்கு ஏற்ற உயரத்தில்தான் அவர் திறப்பார்.

இதை உணர்ந்த டிரேடர்கள் அழகான ஒரு காரியம் செய்தார்கள். மணி அடிப்பதற்கு முன்பே, முந்தைய நாள் விலைக்கு வெகு மேலே, திறப்பில் மட்டும் செல்லுபடியாகும் விற்பனை ஆர்டர்களைப் பல பங்குகளில் போட்டுவைத்தார்கள். விலை எட்டாதவை தாமே ரத்தாகிவிடும். எங்கே ஸ்பெஷலிஸ்ட் மிக உயரத்தில் திறக்கிறாரோ அங்கே மட்டும் ஆர்டர் நிறைவேறும். திறப்பில் எல்லோருக்கும் ஒரே விலை என்பதால் அவர் விற்ற அதே விலையில் டிரேடரும் விற்றிருப்பார். யானையோடு மோதாமல் அதன் நிழலிலேயே நடந்து போவது போன்ற காரியம். கணக்கு எல்லா நாளும் பலிக்காது. நல்ல செய்தி உண்மையிலேயே பெரிதாக இருந்தால் விலை திறப்பிலிருந்து மேலேயே ஓடிவிடும், யானையும் மிதிபடும்.

காலம் இந்த எழுத்தை மெல்ல அழித்தது. 1997 வரை விலையின் மிகச் சிறிய படி பொதுவாக டாலரில் எட்டில் ஒரு பங்கு, பிறகு பதினாறில் ஒரு பங்கு. 2001 ஜனவரி 29 அன்று நியூயார்க் சந்தையின் எல்லாப் பங்குகளும் சென்ட் கணக்குக்கு வந்தன. அதற்கு முன்பு காத்திருக்கும் ஆர்டரைத் தாண்டி முன்னே போய் நிற்க ஆறேகால் சென்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், இப்போது ஒரு சென்ட் போதும். 2002-இல் புத்தகமே வெளியாருக்குத் திறக்கப்பட்டது. 2004 மார்ச்சில், வாடிக்கையாளர் ஆர்டரை முந்தித் தங்களுக்காக வணிகம் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டில் ஐந்து ஸ்பெஷலிஸ்ட் நிறுவனங்கள் 24 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. எந்தக் கட்டால் அவர்களைப் படிக்க முடிந்ததோ, அதுவே மீறப்பட்டிருக்கிறது என்ற குற்றச்சாட்டு அது. திரையைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்களின் கண் வீணாகவில்லை. 2006-இல் இயந்திரங்கள் பெரும்பகுதி வேலையை எடுத்துக்கொள்ளத் தொடங்கின. 2008 அக்டோபரில் ஸ்பெஷலிஸ்ட் என்ற பதவிப் பெயரும் போயிற்று.

இன்றைய திரையிலும் நூறு தீர்ந்து மறுபடி நூறு வருகிறது. முனை மட்டும் காட்டி உடலை மறைக்கும் ஆர்டர்களை இயந்திரம் கண்ணிமைக்கும் முன் நிரப்பிவிடுகிறது. அன்றைக்கோ ஒரு நூறு தீர்ந்து அடுத்த நூறு வருவதற்குள் ஒரு சின்னத் தாமதம் இருந்தது. எதிரே நிற்கும் தரகரை ஸ்பெஷலிஸ்ட் ஏறிட்டுப் பார்த்து, “இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டு, அவர் தலையசைக்க எடுத்துக்கொண்ட நேரம் அது. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருந்த டிரேடர், கேட்காத அந்தக் கேள்வியையும் பார்க்காத அந்தத் தலையசைப்பையும் அந்தத் தாமதத்திலிருந்தே படித்தார்.