தன்னனுபவக் கட்டுரையும் நடுவர் தராசும்

1580 இல் தம் கட்டுரைகளை வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் மொந்தேன், தம் நூலின் பொருள் தாமே என்று முன்னுரையில் அறிவித்தார். பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு மாணவர் எழுதும் தன்னனுபவக் கட்டுரைகள் பலவற்றில் அந்தத் ‘தான்’ இல்லை. நெடுந்தீவு மாணவர் ஒருவர் தம் ஊரைப்பற்றி எழுதுகிறார் எனக் கொள்வோம். மட்டக்குதிரை, பெருக்குமரம், பழங்கோட்டை என வரிசைப்படுத்துதல் வழிகாட்டி நூலின் பணி. 1985 மே 15 இற் குமுதினிப் படகில் நிகழ்ந்த படுகொலையைப் பதிதல் வரலாற்றின் பணி. குறிகாட்டுவானுக்குப் படகேறும் தம்மை வழியனுப்பவந்த தாய், கடலை ஏன் நோக்குவதில்லை என்று அவர் வினவுமிடத்திலேயே கட்டுரை பிறக்கிறது. மேற்கோளுக்கும் சொல்லலங்காரத்துக்கும் புள்ளி வழங்கப்படும்வரை மாணவர் அவற்றையே எழுதுவர். ஆதலின் திருத்தம் நடுவர் தராசிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.