மேடையில் தேர்ச்சி, நிலத்தில் தயக்கம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பொழுதுபோக்காகக் கேமரா தூக்கியவர்களுள் ஒரு வகையினர் உண்டு. சனிக்கிழமை விடியலில் மெலாவத்திக்குப் பின்னால் நீளும் குவார்ட்ஸ் மலைமுகட்டைப் படம்பிடிக்கப் போவார்கள். அன்றிரவே பிரிக்பீல்ட்ஸ் சாந்தானந்த் அரங்கத்திலோ செந்தூல் கேஎல்பேக் அரங்கிலோ இருட்டில் உட்கார்ந்து நாட்டிய நாடகம் எடுப்பார்கள். மேடை நொடியில் மறைவது, நிலம் நிலைத்து நிற்பது. ஒன்று வேகத்தையும் மற்றது பொறுமையையும் கற்றுத்தரும். இந்த இரட்டை நாட்டத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம் இதுதான். படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த நியாயம் தேறுமா?

முதலில் மேடை. இங்கே புகைப்படக்காரருக்கு ஏறக்குறைய எதுவுமே சொந்தமில்லை. அசைவு ஆடுபவருடையது, நிற்கும் இடத்தை முடிவு செய்தவர் இயக்குநர், வெளிச்சம் ஒளியமைப்பாளருடையது. நடனக் கலைஞர் ரம்லி இப்ராஹிம் 1983இல் தொடங்கிய சூத்ரா நடனக் குழுவை எடுத்துக்கொள்வோம். அதன் ஒளியமைப்பாளர் சிவராஜா நடராஜன் ஓவியரும்கூட. நிழல் எங்கே விழவேண்டும் என்பது அங்கே கேமரா வரும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அப்படியானால் நல்ல படத்துக்கான பாராட்டு யாருக்கு? கண்டிப்பான விமர்சகர், இது வெறும் நகலெடுப்பு என்பார்.

அந்தக் கூற்றில் பாதிதான் உண்மை. மேடை ஒளி பார்வையாளரின் கண்ணுக்காக அமைக்கப்பட்டது. கேமரா அதை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. பின்னணி முழுக்க இருட்டாக இருப்பதால், தானியங்கி அளவீட்டை நம்பினால் கேமரா அந்த இருட்டையும் வெளுக்கப் பார்க்கும், முகம் வெளுத்துப்போகும். எல்இடி நீலத்தில் நனைந்த முகத்தில் நிறத் தகவலே மிஞ்சாது. அரங்கில் சத்தம் கூடாதென்று மின்னணு ஷட்டருக்கு மாறினால், அதே எல்இடி விளக்குகள் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு இழுக்கும். ஐஎஸ்ஓ 3200க்கு மேல், எஃப் 2.8 திறப்பில், கைக்கு வந்த ஒளியில், எது துலங்கவேண்டும் எது இருட்டில் கிடக்கவேண்டும் என்று ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக முடிவெடுக்கிறார் புகைப்படக்காரர். இது நகலெடுப்பவரின் வேலை இல்லை.

ஆனாலும் தரம் பிரிவது இந்த வித்தையில் அன்று, தருணத்தேர்வில். ஆடுபவர் தாவும்போது எடுத்த படம் கைதட்டல் வாங்கும். எந்த நடனத்திலும் அது எளிதாகக் கிடைக்கும். தீர்மான அடவு முடிந்து உடல் அரைமண்டியில் நிலைகொள்ளும் கணமும், அபிநயத்தில் ஒரு பாவம் இன்னொன்றாக மாறும் இடைவெளியும் தாளம் தெரிந்தவருக்கே அகப்படும். கண்ணால் பார்த்தபின் அழுத்தினால் அது கடந்து போயிருக்கும். காதால் கேட்டு முன்கூட்டியே அழுத்தவேண்டும். மார்த்தா கிரஹாமின் நடனத்தைப் படமாக்கிப் புகழ்பெற்ற பார்பரா மார்கன், 1940இல் எடுத்த அந்தப் பிரபலமான உதைப்படம் உட்பட, பெரும்பாலும் கேமராவுக்கென்றே தனியாக ஆடச்செய்து எடுத்தார். அந்த வசதி நம்மவருக்கு இல்லை. ஆனால் ஒத்திகைக்குள் நுழைய அனுமதி கிடைக்கிறது. நாலைந்து முறை பார்த்தபின் நாடகம் மனப்பாடமாகிறது. நொடியில் மறைவதாகச் சொல்லப்படும் மேடை, உண்மையில் திரும்பத் திரும்ப வாய்ப்புத் தருகிறது.

மேடைப் படங்களுக்கு வேறொரு பயனும் உண்டு. நாடகக் கலைஞர்கள் ஃபரிடா மெரிக்கானும் ஜோ ஹஷாமும் மெர்டேக்கா சதுக்கத்தின் அடியில் 1995இல் திறந்த ஆக்டர்ஸ் ஸ்டூடியோ அரங்கம் 2003 வெள்ளத்தில் அழிந்தது. கட்டடமே போகக்கூடிய ஊரில், சம்பளமில்லாமல் பத்தாண்டு ஒரே குழுவைப் படமெடுத்தவரின் ஹார்ட் டிஸ்க் நாளைய கலை வரலாற்றுக்கு மூலப்பொருள்.

இனி நிலம். பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை வடக்கே சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. மாலை ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில் சூரியன் மறைந்தபின் நல்ல அந்தி ஒளி இருபது நிமிடம் போலத்தான். அதுவும் பிற்பகல் இடிமழையும் சுமத்திராவிலிருந்து வரும் புகைமூட்டமும் விட்டுவைத்தால்தான். இந்த நெருக்கடியில் நம்மவர் ஏற்கெனவே வெற்றிபெற்ற படத்தையே நாடுகிறார்: நீல வானத்தில் 452 மீட்டர் இரட்டைக் கோபுரம், நீண்ட ஷட்டரில் பாலாக உறைந்த அருவி. வண்ணம் தேர்ந்தது, கூர்மை தேர்ந்தது; ஆனால் எடுத்தவர் யார் என்று படத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது.

இதைவிடப் பெரிய குறை வெட்டியெறிவது. மின்கம்பி, கொள்கலன் லாரி, செம்பனை வரிசையின் முடிவில் எழும் வீடமைப்புத் திட்டப் பலகை, தொழிலாளர் லய வீடுகள் போனபின் தனித்து நிற்கும் தோட்டக் கோயில்: கிள்ளான் நிலப்பரப்பு இவற்றால் ஆனது. இவற்றைப் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளித்தான் ‘இயற்கை’ எடுக்கப்படுகிறது. வெட்டியெறிந்ததை நாளை எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கமுடியாது. பத்துமலையின் 272 படிகள் 2018இல் ஒரே வீச்சில் வண்ணம் பூண்டன. அதற்கு முந்தைய சாதாரணப் படங்கள்கூட அன்றே ஆவணங்களாயின. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியரின் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் குடியிருப்பு இன்று இல்லை. இங்கே நிலம் நிலைத்து நிற்பதில்லை. அதற்கு ஒத்திகையும் கிடையாது, மறுநாள் காட்சியும் கிடையாது.

வேறு வழி இருக்கிறது என்பதற்குப் புகைப்படக் கலைஞர் எரிக் பெரிஸ் சான்று. நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் பணியாற்றிய அவர், தோண்டி விடப்பட்ட ஈயச் சுரங்க நிலங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கோலாலம்பூரை உருவாக்கிய தொழில் விட்டுச்சென்ற மணலும் தண்ணீரும் அவை. அழகுக்காக எதையும் மறைக்காததால் அவை இந்த மண்ணின் படங்கள். நாட்காட்டியில் மாட்டினால் பொருந்தாது. அவர் தொழில்முறைக்காரர் என்று விலக்குச் சொல்லமுடியாது. அதற்குத் தேவைப்பட்டது விலையுயர்ந்த லென்ஸ் அன்று, அழகற்றதாகக் கருதப்பட்ட இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் மனம்.

ஆகவே தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. மேடையில் நம் அமெச்சூர் தேறிவிட்டார். அங்கே அவருக்குப் பாடம் தெரியும், ஆட்களைத் தெரியும், எது முக்கியம் என்று தெரியும். சம்பளத்துக்கு எடுப்பவர் தராத தொடர்ச்சியை அவர் தருகிறார். தாவல் படங்களைக் குறைத்துக்கொண்டால் இன்னும் உயர்வார். நிலப்படங்களில் அவர் இன்னும் பயிற்சியாளர்தான். காரணம் திறமைக்குறைவு இல்லை. மேடைக்குக் கொடுக்கும் மரியாதையை அவர் நிலத்துக்குக் கொடுப்பதில்லை: கதை தெரியாமல் போகிறார், ஒருமுறை போகிறார், அழகு கிடைத்ததும் திரும்பிவிடுகிறார். இரட்டை நாட்டத்தை விடவேண்டியதில்லை. அதற்குச் சொல்லும் நியாயத்தை மாற்றவேண்டும். அவசரம் நிலத்துக்குத்தான். கிள்ளானில் ஒரு தோட்டத்தை, செந்தூலில் ஒரு தெருவைத் தேர்ந்து, கம்பியும் லாரியும் சேர ஆண்டுக்கணக்கில் எடுப்பவருக்கே இரண்டாம் பாதி மதிப்பெண்ணும் கிடைக்கும்.