முக்கூடலில் ஒரு சக்களத்திச் சண்டை

திருநெல்வேலியை அடுத்த சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு சேர்கிறது. முக்கூடற்பள்ளு என்னும் சிற்றிலக்கியம் பாடும் முக்கூடல் இதுதான். பீடிக்குப் பேர்போன முக்கூடல் வேறு. பாடி நடிக்க ஏற்ற இந்த நகைச்சுவை நூலை எழுதியவர் யாரென்று உறுதியில்லை. ஆள் மகா குறும்புக்காரர் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

கதை சின்னது. ஒரு பள்ளனுக்கு இரண்டு பெண்டாட்டி. மூத்தவள் முக்கூடல்காரி, திருமாலான அழகரைக் கும்பிடுபவள். இளையவள் மருதூர்க்காரி, சிவனடியாள். இருவரும் மோதும் இடத்தில்தான் நூலின் மூளை வேலை செய்கிறது. புராணங்கள் கற்பனையில் விளைந்தவை. அவற்றை இந்தப் பெண்கள் பஞ்சாயத்தில் சாட்சி விசாரிப்பது போல விசாரிக்கிறார்கள். உன் சாமி ஓடேந்திப் பிச்சை எடுத்தவன்தானே என்கிறாள் ஒருத்தி. உன் சாமி வெண்ணெய் திருடி உரலில் கட்டுண்டவன்தானே என்கிறாள் மற்றவள். இரண்டும் பக்தர்களே உருகிப் பாடிய செய்திகள். உருக்கத்தை எடுத்துவிட்டு நியாயம் கேட்டதும் சிரிப்பு பிறக்கிறது. நூல் அழகருக்கு உரியது. ஆனாலும் திருமால் மேல் விழும் அடியைப் புலவர் மழுக்கவில்லை. சைவ வைணவச் சண்டைக்காரர்கள் பலருக்கு வாய்க்காத நேர்மை இது.

பள்ளனை வேலைவாங்கும் பண்ணைக்காரன் கணக்குக் கேட்கிறவன். பள்ளனின் கணக்கோ பெயர்களின் ஊர்வலம்: நெல்லில் சித்திரக்காலி, வாலான், சிறைமீட்டான், மணல்வாரி; மாட்டில் குடைக்கொம்பன், செம்மறையன், குத்துக்குளம்பன். கணக்கும் கற்பனையும் மோதுவது ஷேக்ஸ்பியரிலும் உண்டு. ஆனால் அவரது ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தில் கற்பனையை ஏளனம் செய்யும் தீசியஸ் கடைசிவரை கௌரவம் குலையாத கோமான். இங்கே அறிவின் பக்கம் நிற்கும் பண்ணைக்காரன் மேடையேறும்போதே கோமாளி. அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்க இடம் தருவது நல்லதுதான். அதற்கு அவன் உடற்குறைகளை வரிசையாக அடுக்குவது மலிவு வேலை.

பெரிய குறை வேறு. வயல் உரத்துக்குப் பள்ளன் ஆட்டுக்கிடை வைக்கவில்லை என்று மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிட, அவனைத் தொழுவில், அதாவது காலைப் பூட்டும் தண்டனைக் கட்டையில், மாட்டுகிறார்கள். அவளே பிறகு மனமிரங்கி மீட்கிறாள். தெய்வங்களையே குறுக்கு விசாரணை செய்த வாய்கள், உழுகிறவன் காலில் கட்டை ஏன் என்று கேட்கவில்லை. தண்டனையும் ஒரு வேடிக்கைக் காட்சியாகக் கடந்துபோகிறது. மேல்சாதி அவை சிரிக்கத் தோதாகவே அது அமைந்திருக்கிறது. இந்நூலின் ஆற்று வெள்ளம் வரும் குறி சொல்லும் பாட்டைப் பாடநூலில் படித்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர், இந்தத் தொழு வரைக்கும் வாசித்திருக்கிறோம்?