குற்றம் எது என்று தீர்மானிப்பவர் யார்?

ஒரு பாடத்திட்டமும் ஒரு நூலே. எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது விடுகிறது, யாருடைய பக்கம் நின்று பேசுகிறது என்ற மூன்று வினாக்களை நூலிடம் கேட்பது போலவே அதனிடமும் கேட்டல் வேண்டும்.

அக்கரப்பத்தனைத் தோட்டங்களிலிருந்து வந்து உயர்தரம் கற்கும் மாணவர் சிலர், குற்றவியல் நீதியில் பட்டம் பெறும் ஆவலை இப்போது வெளியிடுகின்றனர். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனித்துறையே உண்டு. ஆவல் வரவேற்கத்தக்கது. ஆனால் அறிவுரை கூறுவோர் அவர்களுக்கு வகுத்துக் கொடுக்கும் திட்டமோ, பொலிஸ், சிறைச்சாலை, நன்னடத்தைத் திணைக்களம் ஆகியவற்றின் பதவிப் பட்டியலோடு தொடங்கி அதனோடே முடிந்துவிடுகிறது. வயிற்றுப்பாட்டை எண்ணுவது இழிவன்று. லயத்தில் பிறந்த பிள்ளை அதை எண்ணாதிருக்கவும் முடியாது. எனினும் அந்தக் கணக்கிலும் பிழை உண்டு. இப்பட்டம் மட்டும் ஒருவரைச் சட்டத்தரணி ஆக்காது. அதற்குச் சட்டக் கல்லூரித் தேர்வுகளில் தேறி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தல் வேண்டும். இதனை விண்ணப்பம் நிரப்பும் நாளிலேயே மாணவர் அறிந்திருத்தல் நன்று.

பெருங்குறை வேறொன்று. குற்றம் என்பது மழையும் பனியும் போல இயற்கையிலேயே உள்ளதொன்று என்று இத்திட்டம் கருதுகிறது. மலையகத்தின் வரலாறு அதனை மறுக்கிறது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு வர மறுத்த தொழிலாளியையும், அறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளியையும் அபராதத்துக்கும் சிறைக்கும் உரியவராக்கியது. துண்டு முறையோ, அவருடைய கடன் தொகையைச் சீட்டில் எழுதி, அத்தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்கே அவரை விடுவித்தது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறியமைக்குச் சிறையும் அக்காலத்திலேயே நீங்கியது. நேற்றுவரை குற்றமாயிருந்த செயல் மறுநாள் குற்றமன்று என்றாயிற்று. தொழிலாளி மாறவில்லை, சட்டம் மாறியது. இதனை விளக்காத குற்றவியல், எம் பிள்ளைகளுக்குத் தம் பாட்டனாரைக் குற்றவாளி என்றே காட்டும்.

இரண்டாவது சான்று முல்லோயாத் தோட்டம். 1940 ஜனவரியில் அங்கு வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். தொழிலாளர் மீதான வழக்குகளை ஒத்திவைக்கும்படி உள்நாட்டு அமைச்சர் கேட்டார். பொலிஸ் மாஅதிபர் மறுத்தார். தேசாதிபதி மாஅதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் பதவி துறந்தனர். பொலிஸ் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது? வழக்குத் தொடுப்பதில் அமைச்சர் தலையிடலாமா? துப்பாக்கியை நீட்டியவரை விசாரிப்பவர் யார்? ஒரு பருவம் முழுவதும் கற்பிக்கத் தக்க வினாக்கள் இந்த ஒரு மரணத்தில் அடங்கியுள்ளன. பிறநாட்டுப் பாடநூல்களின் உதாரணங்களைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது, மொழி. நீதிமன்ற மொழியை அறியாத வழக்காளிக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் உரைபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை வழங்குகிறது. ஏட்டில் உள்ள அவ்வுரிமை நாவில் வருவதற்கு மனிதர் வேண்டும். தான் சொன்னது எவ்வாறு எழுதப்பட்டது என்பதை அறியாமல் முறைப்பாட்டுப் புத்தகத்தில் கையொப்பமிடும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, நீதி முதல் வரியிலேயே தவறிவிடுகிறது. ஆகவே இப்பட்டத்தை நாடும் மாணவர், அத்துறையில் எம்மொழியில் கற்பிக்கப்படுகிறது என்பதை முதலில் விசாரித்தறிதல் வேண்டும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் இன்றே கற்கத் தொடங்குதல் வேண்டும். அதற்காகத் தமிழைக் கைவிடலாகாது. இரு மொழிகளுக்கு இடையில் நிற்கத் தெரிந்தவரே எம் மக்களுக்கு முதலில் தேவைப்படுபவர்.

இப்பட்டம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. மலையகத்திலிருந்து பலர் அதனைப் பெறல் வேண்டும். சீருடை அணிபவரும் எம் பிள்ளைகளாக இருக்கட்டும். ஆயினும் அச்சீருடைக்குள் 1865ஐயும் 1940ஐயும் அறிந்த மனம் ஒன்று இருத்தல் வேண்டும். அவ்வறிவைத் தராத திட்டம் உத்தியோகம் தரலாம். நீதியைக் கற்பித்தது என்று அதனைச் சொல்ல இயலாது.